பட்டறையில் பழகியவனுக்கு ஊர் ஒரு சீட்டு கொடுக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொஞ்ச நாள் முன்னால் உங்கள் நாளிதழில் ஒரு துணுக்கு வந்தது. லண்டன் பாலத்தின் மேல் கோட்டு போட்டவர்கள் செம்மறி ஆடுகளை ஓட்டிக்கொண்டு போகிற படம், கீழே ‘ஃப்ரீமேன் பட்டம் வாங்கியவர்களுக்குக் கிடைக்கும் பழைய சலுகை’ என்று இரண்டு வரி. டீக்கடையில் எல்லோரும் சிரித்தோம். நம் வேலூர் பாலாற்றுப் பாலத்தில் ஆடு ஓட்ட யார் பட்டம் கேட்கிறார்கள், ஆடு பாட்டுக்குப் போகிறது, பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறார், அவ்வளவுதான்.

சிரித்துவிட்டுப் பட்டறைக்கு வந்த பிறகு அந்த ‘ஃப்ரீமேன்’ என்ற சொல் மட்டும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. கல்லூரியில் சரித்திரம் படிக்கும் என் மகளிடம் கேட்டேன். அவள் இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்துச் சொன்னதைக் கேட்டபோதுதான், உங்கள் துணுக்கு ஆட்டைப் பிடித்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டது என்று புரிந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், இடம் இருக்கிறவரைக்கும் போடுங்கள்.

இங்கே லண்டன் என்றால் இன்றைக்கு நாம் நினைக்கிற பெரிய லண்டன் இல்லை. அதன் நடுவே ஒரு சதுர மைல் அளவுக்கு இருக்கும் பழைய நகரம், ‘சிட்டி’ என்பார்கள். அந்த நகரத்து ஃப்ரீமேன் பற்றிய குறிப்பு 1237-இலேயே இருக்கிறது. ஃப்ரீமேன் என்றால் நம் வாயில் சொன்னால் ஊர் உரிமைக்காரர். சிட்டிக்குள் கடை திறக்க, சொந்தமாகப் பட்டறை போட, தன் கீழே பையன்களைச் சேர்த்துக்கொண்டு தொழில் சொல்லித்தர அவருக்குத்தான் உரிமை. உரிமை இல்லாதவனை, அவன் அசல் இங்கிலீஷ்காரனாகவே இருந்தாலும், ‘ஃபாரின்’ என்றுதான் எழுதி வைப்பார்களாம்.

உரிமைக்காரர் ஆக மூன்று வாசல். அப்பா உரிமைக்காரராக இருந்தால் பிள்ளைக்கும் கிடைக்கும், இது ஒன்று. காசு கட்டி வாங்கலாம், இது இரண்டு. மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாமல் பண்ணியது. ஒரு உரிமைக்காரரிடம் வழக்கமாக 7 வருஷம் அப்ரண்டிஸாக இருந்து தொழில் பழகி முடித்தால், ஏழை வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் ஊர் அவனை உரிமைக்காரனாக ஏற்றுக்கொள்ளும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘சர்விட்யூட்’, அதாவது ஊழியம் செய்து வாங்கிய உரிமை. 1563-இல் வந்த ஒரு சட்டம் நாடு முழுக்க அப்ரண்டிஸ் காலம் குறைந்தது 7 வருஷம் என்றே எழுதிவைத்தது, 1814 வரை அந்தக் கட்டாயம் இருந்தது.

சேரும் நாளில் எழுதும் ஒப்பந்தத்தைப் பற்றி மகள் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரே தாளில் மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை அதே வாசகத்தை எழுதுவார்களாம். எழுதி முடித்ததும் நடுவே பல் பல்லாக வளைத்து வெட்டி, பாதி முதலாளிக்கு, பாதி பையன் வீட்டுக்கு. நாளைக்குத் தகராறு வந்தால் இரண்டு பாதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும், கியரும் பினியனும் மாதிரி பல்லோடு பல் சேர்ந்தால் உண்மை, சேராவிட்டால் கள்ளச் சீட்டு. அந்தப் பல் வெட்டினால்தான் அதற்கு ‘இண்டெஞ்சர்’ என்றே பெயர் வந்ததாம். உள்ளே இருந்த நிபந்தனைகளைப் படித்தால் நம் ஊர் மேஸ்திரி எழுதியது மாதிரியே இருக்கும்: தொழிலின் ரகசியத்தை வெளியே சொல்லக் கூடாது, சூதாடக் கூடாது, சாராயக் கடைப் பக்கம் போகக் கூடாது, காலம் முடியும்வரை கல்யாணம் கட்டக் கூடாது. பதிலுக்கு முதலாளி தொழிலை ஒளிக்காமல் சொல்லித்தர வேண்டும், சோறு, துணி, படுக்க இடம் கொடுக்க வேண்டும்.

இதுவரை சரி, இதெல்லாம் முதலாளிக்கும் பையனுக்கும் நடுவே நடப்பது. முக்கியமான விஷயம் அடுத்தது. அந்த ஒப்பந்தத்தை முதல் வருஷத்துக்குள் நகரத்தின் பொக்கிஷ அதிகாரியிடம், சேம்பர்லேன் என்பார்கள், கொண்டுபோய்ப் பதிய வேண்டும். இன்னார் பையன், இன்னாரிடம், இந்தத் தேதியில் சேர்ந்தான் என்று ஊர்ப் புத்தகத்தில் ஏறிவிடும். அப்புறம் முதலாளி சோறு போடவில்லை, அடிக்கிறார், தொழில் காட்டவில்லை என்றால் பையன் அதே அதிகாரியிடம் போய் நிற்கலாம். பையன் அடங்கவில்லை என்றால் முதலாளியும் போகலாம், பிரைட்வெல் சிறையில் கொஞ்ச நாள் போட்டு எடுப்பார்களாம், அந்தக் கொடுமையும் இருந்திருக்கிறது. ஆனாலும் பையன் சேர்ந்த நாள் ஊருக்குத் தெரியும். முடித்த நாளும் தெரியும்.

இப்போது என் கதை. 1986-இல் பத்தாவதில் கணக்கில் தவறிவிட்டு, 16 வயதில் கொணவட்டம் பக்கம் ஒரு லேத்துப் பட்டறையில் சேர்ந்தேன். சேர்ந்தேன் என்றால் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போய் மேஸ்திரி முன்னால் நிறுத்தி, ‘உன் பிள்ளை மாதிரி வச்சுக்கோண்ணா’ என்று சொன்னதுதான் ஒப்பந்தம், பல் வெட்டெல்லாம் ஒன்றும் இல்லை. முதல் எட்டு மாசம் இரும்புச் சுருளைப் பெருக்கினேன், டீ வாங்கினேன், மண்ணெண்ணெயில் பார்ட்ஸ் கழுவினேன், விரல் இடுக்கெல்லாம் வெடித்துப்போனது. அப்புறம் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து நாலு பக்கமும் அரம் போட்டு மூலை சரியாகக் கொண்டுவா என்றார். போட்டேன். மூலைமட்டத்தை மேலே வைத்து, வாசல் பக்கம் திரும்பி, வெயில் வெளிச்சத்தில் கண்ணுக்கு நேரே பிடிப்பார். மட்டத்துக்கும் இரும்புக்கும் நடுவே முடி மாதிரி ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தால் போச்சு, ஒரு வார்த்தை பேசாமல் துண்டைப் பழைய இரும்பு டப்பாவில் போட்டுவிடுவார். பதினோரு துண்டு போயிற்று. பன்னிரண்டாவதை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு, ‘போய் டீ குடிச்சிட்டு வா’ என்றார், அன்றைக்கு எனக்கும் சேர்த்து.

லேத்தில் கை வைக்க இரண்டாவது வருஷம் ஆனது. இரும்பைச் சீவுகிற டூல் பிட்டைச் சாணையில் பிடிக்கக் கற்றுக்கொள்ளவே ஒரு மழைக்காலம் போனது. வேலை ஓடும்போது அவர் மெஷின் பக்கம் பார்க்கவே மாட்டார், முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டே ‘சத்தம் மாறுது பாரு, டூல் மழுங்கிடுச்சு’ என்பார். ஆறாவது வருஷம் ஒரு தோல் ஷாப்புக்காரருடைய டிரம்முக்கு ஷாஃப்ட் ஒன்று வந்தது. அதை நீயே முழுசாகப் போடு என்று சொல்லிவிட்டு சாப்பிடப் போய்விட்டார். பேரிங் உட்காரும் இடம் கொஞ்சம் கூடினால் ஏறாது, குறைந்தால் நின்ற இடத்திலேயே சுற்றும். சாயங்காலம் வந்து பேரிங்கை எடுத்து ஏற்றிப் பார்த்தார். உள்ளே போய், பனியன் வேஸ்டில் சுற்றி வைத்திருந்த நுணுக்கமாக அளவு பார்க்கிற தன்னுடைய பழைய மைக்ரோமீட்டரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, ‘இனிமே உனக்குச் சொல்ல என்கிட்ட ஒண்ணுமில்லடா’ என்றார். என் சர்டிபிகேட் அதுதான். இன்னும் என் டிராயரில் இருக்கிறது. ஆனால் அதைக் காட்டினால் எந்த பேங்கும் லோன் கொடுக்காது.

என் காலம் போகட்டும். என்னிடம் ஆறு வருஷம் வேலை பழகிய ஒரு பையன், வீட்டில் கஷ்டம், மாசச் சம்பளம் வேண்டும் என்று ஒரு கம்பெனிக்கு மனு போட்டான். நான் என் பில் புத்தகத் தாளில், ‘இவர் என்னிடம் ஆறு வருஷம் கடைசல் வேலை பழகினார், திரெட் வெட்டுவது வரைக்கும் தனியாகச் செய்வார்’ என்று எழுதி, சீல் வைத்துக் கொடுத்தனுப்பினேன். அங்கே இருந்த அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை யார் அட்டெஸ்ட் பண்ணினது என்று கேட்டிருக்கிறார். யாரும் இல்லை. ஹெல்பர் வேலைதான் தருவோம் என்று சொல்லிவிட்டார்கள். அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, முகம் தெரியாத ஒரு லேத்துக்காரன் எழுதிய பில் தாளை அவர் எப்படி நம்புவார்?

அன்றைக்குச் சாயங்காலமே ஜெராக்ஸ் கடையில் ஒருவர் பையனிடம், 3,500 ரூபாய் கொடு, மூணு வருஷ அனுபவச் சான்றிதழ் ரவுண்டு சீலோடு வாங்கித் தருகிறேன் என்றிருக்கிறார். பையன் வந்து என்னிடம் கேட்டான்: ‘அண்ணே, ஆறு வருஷம் செஞ்சது பொய்யாம், மூவாயிரத்து ஐந்நூறு கொடுத்தா நிஜமாம். வாங்கிடட்டுமா?’ வேண்டாம் என்றேன். ஹெல்பராகவே போனான். எட்டு மாசம் லோடு ஏற்றினான், மெஷின் பக்கமே விடவில்லை. திரும்ப என்னிடமே வந்துவிட்டான். வேண்டாம் என்று நான் சொன்னது சரியா தப்பா என்று இன்னும் எனக்குச் சந்தேகம்தான்.

இதைப் படிக்கிறவர்கள், அப்ரண்டிஸ் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 1961-இலேயே வந்தது. ஒப்பந்தம் பதிய வேண்டும், உதவித்தொகை தர வேண்டும், 2019-இல் மாற்றிய விதியில் படிப்பைப் பொறுத்து மாசம் குறைந்தது 5,000 முதல் 9,000 ரூபாய் வரை என்று வைத்தார்கள். நல்லதுதான். ஆனால் அதே விதிப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குத்தான் கட்டாயம், 4 பேராவது இருந்தால் விருப்பப்பட்டுச் சேர்க்கலாம். என் பட்டறையில் நானும் இரண்டு பையன்களும். எண்ணிக்கொள்ளுங்கள். பழைய பைபாஸ் ரோட்டில் எத்தனை மெக்கானிக் ஷெட்டில் நாலு பேர் தேறும்? வேலூரில் தொழில் பழகுகிற பையன்களில் பெரும்பங்கு இப்படி மூன்று பேர் கடையில்தான் இருக்கிறார்கள், அவர்கள் சட்டத்தின் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள். உள்ளே போனவனுக்கும் ஒரு சங்கடம் உண்டு, அந்தச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர்தான், தொழிலாளி இல்லை என்று சொல்லிவிடுகிறது. லண்டனில் ஊழியம் செய்தால் ஊர்க்காரன் ஆகலாம். இங்கே ஊழியம் செய்கிற காலத்தில் தொழிலாளிகூட ஆக முடியாது.

ஐடிஐ-க்கு வெளியே பழகியவர்கள் தனித்தேர்வராக அகில இந்திய தொழிற்தேர்வு எழுத வழி இருக்கிறது. முன்னமே தெரிந்த வேலையைச் சோதித்துச் சான்றிதழ் தரும் மத்திய அரசுத் திட்டமும் இருக்கிறது. என் பையனை அந்த வழியில்தான் இப்போது அனுப்பப் பார்க்கிறேன், மற்ற பட்டறைக்காரர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன். ஆனால் அந்தத் தாளில் எல்லாம் எழுதாத ஒன்று உண்டு. இந்தப் பையன் இந்த ஊரில், இன்னாரிடம், இத்தனை வருஷம் கை கறுத்து இந்தத் தொழிலைக் கற்றான் என்பது.

லண்டன்காரன் எல்லாம் யோக்கியன் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே ஒவ்வொரு தொழிலுக்கும் இருந்த சங்கங்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஏகபோகம் நடத்தியவை. பையனைச் சேர்த்துக்கொள்ளப் பெரிய தொகை கேட்ட முதலாளிகள் உண்டு. செருப்புத் தொழிலையே பாருங்கள், புதுத் தோலில் செருப்பு செய்கிறவர் ‘கார்ட்வெய்னர்’, பழசைத் தைக்கிறவர் ‘காப்ளர்’, இவர் தொழிலில் அவர் கை வைக்கக் கூடாது என்று சண்டை போட்டிருக்கிறார்கள். கார்ட்வெய்னர் என்ற பெயரே ஸ்பெயினில் இருக்கும் கார்டோபா என்ற ஊரின் தோலில் இருந்து வந்ததாம். ஊர்ப் பெயரே தோலுக்குப் பெயராகிவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பழைய வட ஆற்காடு முழுக்கத் தோல் பதப்படுத்தி, ஷூ தைத்து, கப்பல் ஏற்றி அந்தச் சீமைக்கே அனுப்புகிறோம், தைக்கிற பெண்களின் பெயர் ஒரு புத்தகத்திலும் இல்லை. அங்கே அந்தக் காலத்தில் உரிமைக்காரர் இறந்துவிட்டால் அவர் விதவை பட்டறையைத் தொடர்ந்து நடத்தலாம், பையன்களையும் வைத்துக்கொள்ளலாம் என்ற வழக்கமாவது இருந்திருக்கிறது.

அந்த மூன்று வாசலை நினைத்துப் பார்க்கிறேன். பிறப்பு, காசு, ஊழியம். முதல் வாசல் நமக்கு நன்றாகவே தெரியும், எந்தத் தெருவில் பிறந்தவன் எந்தத் தொழில் செய்யணும் என்று எழுதாமலே எழுதிவைத்த ஊர் இது, தோல் வேலை செய்கிறவனைத் தள்ளி நிறுத்திவிட்டு அந்தத் தோலில் வந்த காசை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்ட ஊர். இரண்டாவது வாசல் ஜெராக்ஸ் கடையில் இருக்கிறது. மூன்றாவதைத்தான் காணோம்.

லண்டன் ஃப்ரீமேன் பட்டத்துக்கு இன்றைக்குக் கடை திறக்கும் அதிகாரம் எல்லாம் கிடையாது, பெரும்பாலும் மரியாதைதான். மற்ற ஊர்களில் அந்த வியாபார ஏகபோகத்தை 1835-இலேயே சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். ஆனால் மரியாதையை அவர்கள் விடவில்லை பாருங்கள். கில்ட்ஹால் என்ற நகர மன்றக் கட்டடத்தில், சேம்பர்லேன் கோர்ட் என்ற அறையில் நிற்கவைத்து உறுதிமொழி வாசிக்கச் சொல்லி, பெயரை அழகாக எழுதிய பார்ச்மெண்ட் கொடுக்கிறார்கள். (பார்ச்மெண்ட் என்றால் அசலில் ஆட்டுத்தோல், அதை வேலூர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.) கவென்ட்ரி என்ற ஊரில் கார் கம்பெனிகளில் அப்ரண்டிஸ் முடித்தவர்கள் ஃப்ரீமேன் ஆகியிருக்கிறார்கள், யார்க் நகரத்தில் 1272 முதல் பெயர்ப் பட்டியல் கையில் இருக்கிறது. எழுநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு செருப்புத் தொழிலாளியின் பெயரைக்கூட அங்கே தேடினால் எடுக்கலாம்.

நம் மாநகராட்சிக்கும் எங்களைத் தெரியாமல் இல்லை. 2008-இல் மாநகராட்சி ஆனது, இன்றைக்கு 60 வார்டு. தொழில் உரிமக் கட்டணம் கட்டுகிறோம், ஆறு மாசத்துக்கு ஒரு தரம் தொழில் வரி கட்டுகிறோம், தேதி தப்பினால் நோட்டீஸ் வந்துவிடும். வாங்குகிற புத்தகத்தில் எங்கள் பெயர் இருக்கிறது. கொடுக்கிற புத்தகம் ஒன்று போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஒவ்வொரு மண்டல அலுவலகத்திலும் ஒரு பதிவேடு. பையனோ பெண்ணோ, லேத்து, வெல்டிங், மெக்கானிக், தையல், தச்சு, கரிகிரிப் பக்கத்து மண்பாண்டம், எந்தத் தொழிலானாலும் பழகச் சேர்ந்த தேதி, முதலாளி பெயர். முடித்ததும் அதே தொழிலில் இருக்கும் வேறு இரண்டு பேர் வந்து வேலையைச் செய்யச் சொல்லிப் பார்க்கட்டும். பிறகு வருஷத்தில் ஒரு நாள் மேயர் கையால் ஒரு சீட்டு. அடுத்த தடவை கம்பெனியில் அட்டெஸ்ட் பண்ணினது யார் என்று கேட்டால், வேலூர் மாநகராட்சி என்று பையன் சொல்லுவான். பணம் ஒன்றும் பெரிதாக ஆகாது.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன். இந்தப் பதிவேடு வந்தால் முதலில் பயப்படப்போவது எங்களைப் போன்ற முதலாளிகள்தான். வயது எழுத வேண்டும், அப்போது சின்னப் பிள்ளையை மெஷின் பக்கம் நிறுத்தியிருப்பது வெளியே வரும். தேதி எழுத வேண்டும், அப்போது மூணு வருஷமாகியும் பெருக்கத்தான் விடுகிறாயா என்று கேள்வி வரும். நானே ஒரு பையனை ரொம்ப நாள் சாணைப் பக்கம் விடாமல் வைத்திருந்தேன், கற்றுக்கொண்டால் எதிரிலேயே பட்டறை போட்டுவிடுவானோ என்ற பயம், என் மேஸ்திரி எனக்குச் செய்யாத வேலை அது. கடைசியில் அவன் போட்டும்விட்டான், எதிரில் இல்லை, சேண்பாக்கத்தில். எனக்குக் கூட்டமாகிற வேலையை இப்போது அவனிடம்தான் அனுப்புகிறேன்.

நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோவில் என்று நம் ஊரைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தார்கள். 1981-இல் ஜலகண்டேஸ்வரரைக் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்ததும் அதில் ஒன்று குறைந்தது. முடிவு பண்ணினால் நம் ஊரிலும் காரியம் நடக்கும் என்பதற்காகச் சொன்னேன்.

இப்போது என்னிடம் இரண்டு பேர் இருக்கிறார்கள். பெரியவனைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சின்னவனுக்கு 19 வயது, தை மாசம் பொங்கல் முடிந்து மறுவாரம் சேர்ந்தான், அரம் போட்டுக்கொண்டிருக்கிறான், நேற்றோடு ஏழு துண்டு டப்பாவுக்குப் போயிருக்கிறது. அவன் சேர்ந்த தேதியைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அவன் அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். மாநகராட்சியில் யாராவது புத்தகத்தைத் திறந்தால் முதல் வரிக்குப் பெயர் தயார்.

இப்படிக்கு,
லேத்துப் பட்டறைக்காரன்,
வேலூர்.